பிறப்பு, குருதி, உறுதிமொழி: ‘அமெரிக்கர்’ என்னும் அடையாளம் – ஆரணிப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒருவரை அமெரிக்கராக்குவது எது என்னும் வினாவுக்குச் சட்டம், இனம், கொள்கை, பண்பாடு ஆகிய நான்கு தளங்களில் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. இக்கட்டுரை அவ்வினாவை வடஆர்க்காட்டு நிலப்பகுதியிலிருந்து அணுகுகிறது. ஆரணி, வேலூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தலைமுறைகளாக வாழ்ந்தும் அமெரிக்கராகவே நீடித்த ஸ்கடர் குடும்பத்தாரையும், அமெரிக்காவில் வாழ்ந்தும் நெடுங்காலம் குடியுரிமை மறுக்கப்பட்ட இந்தியரையும் இது ஒப்பிடுகிறது. குடியுரிமை என்பது நிலத்தோடு மட்டும் இயைந்ததன்று. யாரை உள்ளே சேர்ப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்னும் அரசின் தேர்வோடும் இயைந்தது என்பது கட்டுரையின் முடிபு. ‘ஊர்’ என்னும் தமிழ்க் கருத்தாக்கம் இத்தேர்வை விளங்கிக்கொள்ள எவ்வாறு துணைபுரிகிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குடியுரிமை, ஆர்க்காடு மிஷன், ஆரணி, புலம்பெயர்வு, ஊர், இனவரைவு, பதினான்காம் திருத்தம்.

முன்னுரை

ஆரணியை ஒட்டியமைந்த முள்ளிப்பட்டு, பட்டு நெசவைத் தொழிலாகக் கொண்ட ஊர். இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள இப்பகுதி, 1989 வரை பழைய வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இத்தகைய ஊர்களில் ‘அமெரிக்கா’ என்னும் சொல் இக்காலத்தில் கணினித் துறைப் பணியையும், அங்குக் குடியேறிய உறவினரையும் நினைவூட்டுகிறது. ஆனால் இப்பகுதிக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள தொடர்பு கணினிக் காலத்தில் தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே அமெரிக்கர் சிலர் இங்கு வந்து தங்கினர், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தனர், தமிழில் பேசினர், சிலர் இந்நாட்டிலேயே மறைந்தனர். எனினும் அவர்கள் அமெரிக்கர் என்பதில் எவரும் ஐயம் கொள்ளவில்லை.

மறுபுறம், அமெரிக்காவில் படித்து, உழைத்து, அந்நாட்டுப் படையிலும் பணியாற்றிய இந்தியர்க்கு ‘நீவிர் அமெரிக்கராக இயலாது’ என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்தது. இவ்விரு நிலைகளையும் ஒருசேர வைத்து நோக்கும்போது, அமெரிக்கர் என்னும் அடையாளம் எவற்றால் ஆக்கப்பட்டது என்பது தெளிவுறும்.

1. வினாவின் பின்புலம்

‘அமெரிக்கன் என்பவன் யார்?’ என்னும் வினாவை நூல்வழி முன்வைத்தோருள் குறிப்பிடத்தக்கவர் பிரான்சில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய கிரெவ்கெர். 1782இல் வெளிவந்த அவரது கடிதத் தொகுப்பு, ஐரோப்பாவின் பல இனத்தார் கலந்து புதியதொரு மாந்தரினமாக உருவாவதை விடையாகக் கூறியது. அந்த விடையில் ஐரோப்பியர் அல்லாதார்க்கு இடமில்லை என்பது கருதத்தக்கது. 1908இல் இஸ்ரேல் சாங்வில் எழுதிய நாடகத்தால் ‘உருக்குக் கலம்’ என்னும் உருவகம் பரவியது. பல உலோகங்கள் உருகி ஒன்றாவது போலக் குடியேறியோர் தம் பழைய அடையாளங்களை இழந்து ஒன்றாவர் என்பது அதன் பொருள். இதனை மறுத்த ஹொரேஸ் காலன், 1915இல் எழுதிய கட்டுரையில், பல்வேறு பண்பாடுகள் தத்தம் தனித்தன்மையோடு கூடி வாழ்வதே மக்களாட்சிக்கு ஏற்றது என வாதிட்டார்.

இவ்விவாதங்கள் பண்பாட்டுத் தளத்தில் நிகழ்ந்தவை. சட்டம் தன் வழியில் விடை கூறிற்று. 1790ஆம் ஆண்டின் முதற் குடியுரிமைச் சட்டம், ‘சுதந்திரமான வெள்ளையர்’ மட்டுமே குடியேறிக் குடியுரிமை பெறலாம் என வரையறுத்தது. ஒரு கொள்கையின்மீது எழுந்த நாடு என்று தன்னை அறிவித்துக்கொண்ட குடியரசு, தொடக்கத்திலேயே நிறத்தையும் ஒரு நுழைவுத் தகுதியாக வைத்தது. பின்வந்த ஒன்றரை நூற்றாண்டின் வழக்குகள் பலவும் இம்முரணிலிருந்தே எழுந்தன.

2. ஆர்க்காட்டில் அமெரிக்கர்

நியூஜெர்சியில் 1793இல் பிறந்த மருத்துவர் ஜான் ஸ்கடர், 1819இல் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பணியாற்றினார். பிரித்தானிய ஆட்சியாளர் அமெரிக்கச் சமயப் பணியாளரை ஐயத்தோடு நோக்கிய காலம் அது. 1820இல் இலங்கை ஆளுநராகப் பொறுப்பேற்ற பார்ன்ஸ், மேலும் அமெரிக்கப் பணியாளர் வருவதற்கு இசைவு மறுத்தார். ஆகவே அவர்கள் வெள்ளையராயினும் ஆட்சியாளர் அல்லர். ஆங்கிலம் பேசினும் ஆங்கிலேயர் அல்லர். ‘அமெரிக்கன்’ என்னும் அடைமொழி, தமிழ் மக்களிடையே அவர்களை ஆளும் இனத்தினின்று வேறுபடுத்திக் காட்டும் அடையாளமாயிற்று. மதுரை அமெரிக்கன் கல்லூரி முதலிய நிறுவனப் பெயர்களில் அவ்வடைமொழி இன்றும் நின்று நிலவுகிறது.

1836இல் ஜான் ஸ்கடர் சென்னைக்கு வந்தார். அவருடைய மக்களாகிய ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகிய மூவரும் 1853இல் ஆர்க்காடு மிஷனை நிறுவினர். 1857இல் அது அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் பொறுப்புக்கு வந்தது. வேலூர், இராணிப்பேட்டை, சித்தூர், திண்டிவனம் ஆகியவற்றோடு ஆரணியும் அதன் நிலையங்களுள் ஒன்றாயிற்று. தொடக்க ஆண்டுகளில் அம்மிஷன் ஆங்கிலக் கல்வியினும் தாய்மொழிவழிப் பணிக்கே முதன்மை தந்தது. எனவே அமெரிக்கராயினும் இவர்களுடைய அன்றாடப் பொதுவாழ்வின் மொழி பெரும்பாலும் தமிழாகவே இருந்தது.

இக்குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தவர் ஐடா ஸ்கடர். அவர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தந்தையாகிய இரண்டாம் ஜான் ஸ்கடரும் அமெரிக்காவில் பிறந்தவரல்லர். 1835இல் இலங்கையில் பிறந்தவர். தந்தை யாழ்ப்பாண நிலத்தில், மகள் ஆர்க்காட்டு நிலத்தில் என இரு தலைமுறையின் பிறப்பும் தமிழ்நிலத்தில் நிகழ்ந்தன. ஐடா ஸ்கடர் 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் இந்தியா திரும்பினார். 1902இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி எழுந்தது. அதுவே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் முதல் வடிவம். 1960இல் அவர் கொடைக்கானலில் மறைந்தார். தம் வாழ்நாளின் மிகப் பெரும்பகுதியை அவர் தமிழ்நாட்டிலேயே கழித்தார்.

வேலூரில் வாழ்ந்த இப்பெண்மணியை அமெரிக்கராக்கியது எது? 1855ஆம் ஆண்டின் சட்டமே அதற்கு விடை. முந்தைய 1802ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல்லமைப்பில் ஒரு குறை இருந்தது. அச்சட்டம் இயற்றப்பட்ட நாளில் அல்லது அதற்கு முன் குடிமக்களாக இருந்தோரின் பிள்ளைகளுக்கே, அயல்நாட்டில் பிறப்பினும் குடியுரிமை உண்டு என்று பொருள்படுமாறு அது அமைந்திருந்தது. 1854இல் ஹொரேஸ் பின்னி என்னும் சட்ட அறிஞர் இதனைச் சுட்டிக்காட்டினார். மறு ஆண்டிலேயே அது திருத்தப்பட்டது. தந்தை அமெரிக்கக் குடிமகனாயின், அயல்நாட்டில் பிறந்த பிள்ளையும் குடிமகன் அல்லது குடிமகள் என்றாயிற்று. எனினும் அமெரிக்காவில் ஒருபோதும் வாழாத தந்தையின் வழியே அவ்வுரிமை இறங்காது என்னும் வரம்பும் இடப்பட்டது. இலங்கையில் பிறந்த இரண்டாம் ஜான் ஸ்கடர் அமெரிக்காவில் கல்வி கற்றுத் திரும்பியவர். ஆதலின் அவர் வழியே ஐடாவுக்கு உரிமை வந்தது.

இவ்விதியில் இரு கூறுகள் நோக்கத்தக்கன. முதலாவது, குருதியுறவு மட்டும் போதவில்லை. அந்நிலத்தோடு தந்தைக்கு ஒருகாலத்திலேனும் தொடர்பு வேண்டும் எனச் சட்டம் கருதியது. இரண்டாவது, அவ்வுரிமை தந்தைவழியே மட்டும் இறங்கியது. அயல்நாட்டில் பிறந்த பிள்ளைக்கு அமெரிக்கத் தாய்வழியாகவும் குடியுரிமை சேரும் என்னும் விதி 1934இல்தான் வந்தது.

3. 1870: கதவின் இரு பக்கம்

ஐடா ஸ்கடர் பிறந்த 1870ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை வரலாற்றில் வேறொரு வகையிலும் முதன்மை பெறுகிறது. உள்நாட்டுப் போருக்குப்பின், 1868இல் நிறைவேறிய அரசமைப்பின் பதினான்காம் திருத்தம், அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் ஆட்சி எல்லைக்கு உட்பட்டோர் அனைவரும் குடிமக்கள் என அறிவித்தது. கருப்பினத்தார் குடிமக்கள் ஆகார் என 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உரைத்த தீர்ப்பை அது நீக்கியது. 1870இல் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, குடியேறிக் குடியுரிமை பெறும் வாய்ப்பு ஆப்பிரிக்க வழியினர்க்கும் விரிந்தது. அவ்விவாதத்தில் செனட்டர் சார்லஸ் சம்னர், ‘வெள்ளையர்’ என்னும் சொல்லையே நீக்கிவிட வேண்டும் என வேண்டினார். அது ஏற்கப்படவில்லை. ஆசிய மக்களை வெளியே நிறுத்தும் நோக்கமே அதற்குக் காரணமாயிற்று. அவ்வாண்டில் இராணிப்பேட்டையில் பிறந்த ஸ்கடர் வீட்டுக் குழந்தை அமெரிக்கக் குடிமகள். அதே ஊரில் பிறந்த தமிழ்க் குழந்தை, பின்னாளில் அமெரிக்காவில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் குடியுரிமை பெறும் வழி தெளிவாக இல்லை.

பிறப்பிடமும் எல்லார்க்கும் ஒரே பயனைத் தரவில்லை. அமெரிக்க மண்ணிலேயே பழங்குடியினராகப் பிறந்த ஜான் எல்க் என்பார்க்குக் குடியுரிமை இல்லை என 1884இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. பழங்குடி மக்கள் அனைவர்க்கும் அவ்வுரிமை 1924இல்தான் கிடைத்தது. ஆனால் சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோர்க்குப் பிறந்த வாங் கிம் ஆர்க், பதினான்காம் திருத்தத்தின்படி பிறப்பால் அமெரிக்கரே என 1898இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்றோர்க்குக் குடியுரிமை பெறும் தகுதியே இல்லாதபோதும் பிள்ளைக்கு அது பிறப்புரிமையாயிற்று. இத்தீர்ப்பின் பயனைப் பின்னாளில் அமெரிக்காவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளும் பெற்றனர்.

4. 1923: இனவாதமும் சாதிவாதமும்

பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திண்ட், முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். அவருடைய குடியுரிமை வழக்கு உச்சநீதிமன்றத்தை அடைந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1922 நவம்பரில், ஜப்பானியராகிய ஒசாவாவின் வழக்கில், ‘வெள்ளையர் என்பது காக்கேசிய இனத்தாரைக் குறிக்கும், எனவே ஜப்பானியர் வெள்ளையர் அல்லர்’ என்னும் கருத்தில் தீர்ப்பு வந்திருந்தது. திண்டின் தரப்பு இதனையே பற்றிக்கொண்டது. தாம் ஆரியவழியில் வந்த உயர்சாதி இந்தியர். எனவே இனநூலின்படி காக்கேசியர். ஆகவே வெள்ளையர் என்பது அவ்வாதம். 1923 பிப்ரவரியில் நீதிபதி சதர்லாந்து எழுதிய தீர்ப்பு அளவுகோலையே மாற்றியது. இனநூல் என்ன கூறினும், பொதுமனிதனின் வழக்கில் இந்தியர் வெள்ளையராகக் கருதப்படுவதில்லை என்றது. சாதி விதிகள் இனக்கலப்பை முற்றிலும் தடுத்துவிடவில்லை என்றும் அது குறிப்பிட்டது.

தமிழாய்வாளர்க்கு இவ்வழக்கு இருவகையில் பொருளுடையது. வழக்காடியவரின் வாதம் குடியுரிமையின் அடிப்படையாக இருந்த இனப்பாகுபாட்டை எதிர்க்கவில்லை. அதனுள் தமக்கும் ஓர் இடம் வேண்டியது. அதற்குச் சாதியுயர்வையும் ஆரியவழியையும் சான்றாக்கியது. அவ்வாதம் வென்றிருந்தாலும், திராவிட இனத்தார் என அக்கால இனநூலார் வகைப்படுத்திய தமிழர்க்கும், ஒடுக்கப்பட்ட சாதியினர்க்கும் அது கதவைத் திறந்திருக்காது. எனவே அவ்வழக்கில் தோற்றது இந்தியர் தரப்பே ஆயினும், அத்தரப்பின் வாதத்துக்குள்ளும் ஒரு விலக்கல் இருந்தது. தீர்ப்புக்குப்பின், முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. அவ்வாறு நாடற்றவரான வைஷ்ணோ தாஸ் பகாய் 1928இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். திண்ட் பின்னர், படைப்பணியாற்றியோர்க்கான 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 1936இல் குடியுரிமை பெற்றார்.

1946இல் நிறைவேறிய லூஸ்–செல்லர் சட்டம் இந்தியர்க்குக் குடியுரிமைத் தகுதி அளித்து, ஆண்டுக்கு 100 பேர் குடியேறவும் இசைந்தது. இனத் தகுதி முற்றிலும் நீங்கியது 1952ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். இக்கால இடைவெளியை உணர்த்துவது வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் வாழ்வு. தமிழ்க் குடும்பத்தில் 1910இல் லாகூரில் பிறந்த அவர், 1937இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியேற்றார். சட்டப்படி குடிமகனாக இயலாத நிலையிலேயே இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையின் எறியியல் ஆய்வுக்குத் துணைநின்றார். 1953இல் குடியுரிமை பெற்றார். 1983இல் நோபல் பரிசு பெற்றார். நாட்டுக்கு உழைப்பதும் நாட்டவராதலும் ஒன்றல்ல என்பதற்கு முதற் பத்தாண்டுகள் சான்று.

5. 1965க்குப் பின்: உறுதிமொழியும் இழப்பும்

1965 அக்டோபர் 3ஆம் நாள் கையெழுத்தான ஹார்ட்–செல்லர் சட்டம் தேசிய இனவழி ஒதுக்கீட்டை ஒழித்தது. தொழில்திறனும் குடும்ப உறவும் குடியேற்றத்தின் அடிப்படையாயின. மருத்துவர், பொறியாளர், ஆய்வாளர் எனத் தமிழர் பலர் சென்றனர். 1987இல் வட அமெரிக்கத் தமிழ்ச்சங்கப் பேரவை தோன்றியது. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கான 60 இலட்சம் டாலர் நிதி 2018இல் நிறைவெய்தியது. அதற்குத் தமிழ்நாட்டரசும் 10 கோடி ரூபாய் வழங்கியது. காலன் கூறிய பன்மைக் கொள்கைக்கு இவை எடுத்துக்காட்டுகள். தமிழராய் இருப்பது அமெரிக்கராதலுக்குத் தடையன்று. அமெரிக்கராய் வாழும் முறைகளுள் ஒன்று என இந்நிறுவனங்கள் கருதுகின்றன.

ஆயினும் சட்டத்தின் முன் ஒரு தேர்வு உண்டு. பொதுவாக ஐந்தாண்டு நிலையான வாழ்விட உரிமையும், ஆங்கிலத் திறனும், வரலாறு–ஆட்சிமுறை பற்றிய தேர்வும் கடந்து, அயல் அரசுகள் மீதான பற்றுறுதியைத் துறப்பதாக உறுதிமொழி கூறியே ஒருவர் அமெரிக்கராகிறார். இந்திய அரசமைப்பின் 9ஆம் உறுப்பும், 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், தாமாக அயல்நாட்டுக் குடியுரிமை பெறுவோர் இந்தியக் குடிமக்கள் அல்லர் என்கின்றன. 2005இல் நடைமுறைக்கு வந்த அயல்நாட்டு இந்தியக் குடிமகன் அட்டை, வந்து தங்கும் உரிமையைத் தருகிறது. வாக்குரிமையையும் வேளாண் நிலம் வாங்கும் உரிமையையும் தருவதில்லை. ஆரணிப் பகுதியிலிருந்து சென்று அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒருவர், தம் ஊரில் உழுநிலம் வாங்க இயலாது. நிலமே ஊர்த்தொடர்பின் சான்றாகக் கருதப்படும் சமூகத்தில் இது சிறிய இழப்பன்று.

இன்னொரு வினாவும் எழுகிறது. தற்காலிகப் பணி விசாவில் இருப்போர் நிலையான உரிமைக்காகக் காத்திருக்கும் காலம், ஒரு நாட்டினர்க்கு 7 விழுக்காடு என்னும் உச்சவரம்பால் இந்தியர்க்கு மிக நீள்கிறது. அவர்தம் பிள்ளைகள் அங்குப் பிறந்தமையால் குடிமக்கள், பெற்றோர் அயலார். 2025 ஜனவரி 20ஆம் நாள் வெளியான அதிபர் ஆணை, தற்காலிக விசாவினரின் பிள்ளைகளுக்குப் பிறப்புக் குடியுரிமை இல்லை என்றது. கூட்டாட்சி நீதிமன்றங்கள் அதற்குத் தடை விதித்தன. வாங் கிம் ஆர்க் வழக்கு 127 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தமிழ்க் குடும்பங்களின் உரையாடலுக்குரிய செய்தியாயிற்று. இந்தியாவிலிருந்து 1958இல் கல்விக்காகச் சென்ற சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், கலிபோர்னியாவில் பிறந்தவர். 2021இல் துணை அதிபரானவர். அவருடைய பிறப்புக் குடியுரிமையைப் பற்றியும் 2020இல் ஐயம் கிளப்பப்பட்டது என்பது, இவ்வினா இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டும்.

குடியுரிமை மாற்றம் சாதியையும் கடல்கடந்து கொண்டுசெல்வதைத் தடுக்கவில்லை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டில் கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய இதையொத்த மசோதாவை ஆளுநர் ஏற்கவில்லை. 1923இல் குடியுரிமைக்கான தகுதியாக முன்வைக்கப்பட்ட சாதி, நூறாண்டுகளுக்குப் பின் குடியுரிமைச் சமத்துவத்துக்கு ஊறாக அடையாளம் காணப்பட்டது.

6. ஊரும் நாடும்

இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராகப் பணியாற்றிய மானிடவியலாளர் வாலண்டைன் டேனியல், 1984இல் வெளியிட்ட ஆய்வு நூலில், தமிழரின் ‘ஊர்’ என்னும் சொல்லை ‘கிராமம்’, ‘தேசம்’ ஆகிய சொற்களினின்று வேறுபடுத்துகிறார். கிராமமும் தேசமும் எல்லை வரையறுக்கப்பட்டவை; யார் கூறினும் ஒன்றே. ஊரோ கூறுவோரையும் கேட்போரையும் பொறுத்து விரியும், சுருங்கும். முள்ளிப்பட்டில் பிறந்து நியூஜெர்சியில் வாழும் ஒருவரை எண்ணுவோம். ஆரணிக்காரரிடம் தம் ஊர் முள்ளிப்பட்டு என்பார். சென்னைக்காரரிடம் ஆரணி என்பார். வேற்று மாநிலத்தாரிடம் தமிழ்நாடு என்பார். இவ்விடைகளுள் எதுவும் பொய்யன்று.

குடியுரிமை இத்தகைய நெகிழ்வை ஏற்பதில்லை. அது கிராமக் கணக்கைப் போன்றது; ஒரு பெயர் ஓர் ஏட்டில் இருக்கும் அல்லது இராது. அமெரிக்கக் கடவுச்சீட்டு பெற்றவரின் ‘ஊர்’ மாறுவதில்லை; ‘நாடு’ மாறுகிறது. ஸ்கடர் குடும்பத்தாரிடம் இதன் மறுதலை நிகழ்ந்தது. நாடு மாறவில்லை, ஊர் மாறியது. யாழ்ப்பாணத்தில் தமிழ்வழி மருத்துவக் கல்வி நடத்திய அமெரிக்கர் சாமுவேல் கிறீன், 1884இல் மாசச்சூசெட்ஸில் மறைந்தார். அவருடைய கல்லறைக் கல்வெட்டு அவரைத் தமிழர்க்குப் பணியாற்றிய மருத்துவராகவே குறிக்கிறது. சொந்த மண்ணில் புதைக்கப்பட்டபோதும் அவருடைய அடையாளம் பணிசெய்த மக்களைச் சார்ந்தே நின்றது.

எனினும் இவ்விரு நிலைகளையும் சமமெனக் கொள்ளலாகாது. ஸ்கடர் குடும்பத்தார் ஆர்க்காட்டில் வாழத் தம் நாட்டைத் துறக்க வேண்டியிருக்கவில்லை. தமிழர் அமெரிக்கராக வேண்டுமாயின் துறத்தல் கட்டாயமாகிறது. முன்னவர்க்குப் பிள்ளைகளின் உரிமை ஒரு சட்டத்திருத்தத்தால் உறுதியாயிற்று. பின்னவர்க்கு அது மீண்டும் மீண்டும் வழக்காகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. அமெரிக்கர் என்பதற்கு நிலையான ஒற்றை இலக்கணம் இல்லை. இராணிப்பேட்டையில் பிறந்தவரைக் குருதி அமெரிக்கராக்கியது. சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவரை நிலம் அமெரிக்கராக்கியது. சந்திரசேகரை உறுதிமொழி அமெரிக்கராக்கியது. நிலத்தில் பிறந்தும் எல்க் விலக்கப்பட்டார். படையில் உழைத்தும் திண்ட் விலக்கப்பட்டார். எந்த அளவுகோல் எப்போது, யார்க்குப் பொருந்தும் என்பதை அரசே தேர்ந்தது. அத்தேர்வை மாற்றியவை பெரும்பாலும் விலக்கப்பட்டோரின் வழக்குகளும் போராட்டங்களுமே. பிறப்புக் குடியுரிமை குறித்த இன்றைய பூசலும் அவ்வரிசையில் வைத்து நோக்கத்தக்கது.

புலம்பெயர் தமிழியல் இதுவரை தமிழகத்திலிருந்து சென்றோரையே பெரிதும் ஆராய்ந்துள்ளது. தமிழகத்துக்கு வந்து தங்கிய அயலாரின் அடையாளச் சிக்கலையும் அதனோடு இணைத்து ஆராய வேண்டும். ஆரணி, வேலூர், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் அமெரிக்கர் விட்டுச்சென்ற பதிவுகளையும், இவ்வூர்களிலிருந்து அமெரிக்கா சென்றோரின் வாழ்க்கைக் கதைகளையும் ஒருசேரத் தொகுப்பின், ஊர், நாடு, குடி ஆகிய சொற்களின் இன்றைய பொருள்விரிவைத் தமிழாய்வு தன் சொந்தச் சான்றுகளைக் கொண்டே வரையறுக்க இயலும்.